முற்பணத்துக்கு முன் யொட்டைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுங்கள்

கேள்வி: உப்புவெளியில் சிறிய விடுதி நடத்துகிறேன். விருந்தினரைக் கடலுக்குக் கூட்டிச் செல்லப் பாய்மர யொட் ஒன்று வாங்க நினைக்கிறேன். திருகோணமலை உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடக்கும் 33 அடி ஃபைபர் யொட் ஒன்றைத் தரகர் காட்டினார். 1985இல் அமெரிக்காவில் கட்டியதாம். சொந்தக்காரர் வெளிநாட்டவர், ஊர் திரும்பிவிட்டார். புதுப் பெயின்ட் அடித்திருக்கிறது, எஞ்சின் முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆகிறது. சுழியோடி எடுத்த அடிப்பாக வீடியோவும் ஒரு சர்வே அறிக்கையும் தந்திருக்கிறார்கள். இந்தக் கிழமைக்குள் ஐந்து இலட்சம் முற்பணம் கேட்கிறார். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: முற்பணம் கொடுக்க வேண்டாம். பெயின்ட், எஞ்சின், வீடியோ, அறிக்கை என்று நீங்கள் எழுதியிருக்கும் நான்கும் விற்கிறவர் உங்களுக்குக் காட்டியவை. நீங்களாகத் தேடிப் பார்த்தது இன்னும் ஒன்றும் இல்லை. பழைய யொட்டில் காசைத் தின்னும் கோளாறுகள் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும்: நீர்மட்டத்துக்குக் கீழே, அல்லது பத்திரத்தில். இரண்டையும் பார்த்து முடியும்வரை தரகர் கையில் காசு கொடுக்காதீர்கள்.

முதலில் பத்திரம், ஏனென்றால் அதைப் பார்க்கச் செலவில்லை. சொந்தக்காரர் இங்கே இல்லாததால், தனக்காக விற்கும் அதிகாரத்தைத் தரகருக்கு எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவப் பத்திரம் இருக்க வேண்டும். வட்ஸ்அப் செய்தி அதற்கு ஈடாகாது. அடுத்தது பதிவுச் சான்றிதழும், இப்போதைய சொந்தக்காரர் முன்பு வாங்கியபோது எழுதிய விற்பனைப் பத்திரமும். யொட்டின் பின்சுவரில் வலப்பக்க மேல்மூலையில் 12 எழுத்தும் இலக்கமும் கொண்ட உடல் இலக்கம் இருக்கும். 1970களின் தொடக்கம் முதல் அமெரிக்காவில் கட்டிய படகுகளில் அது கட்டாயம். கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. உங்கள் யொட் சொல்கிறபடி 1985இல் கட்டியது என்றால் அங்கே 85 இருக்க வேண்டும், ஆண்டுக் கடைசியில் கட்டியது என்றால் 86 ஆகவும் இருக்கலாம். அதைப் படம் எடுத்துப் பத்திரத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் தனியாக நிறப்பூச்சு தடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

பின்னால் பிரித்தானியக் கொடி பறந்து, கையில் 'ஸ்மோல் ஷிப்ஸ் ரெஜிஸ்டர்' என்ற பிரித்தானியச் சிறுகலப் பதிவேட்டின் சான்றிதழ் இருந்தால் அதை உறுதிப்பத்திரம் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பதிவு உரிமைக்குச் சான்று அல்ல, யொட்டின் மேல் உள்ள கடனும் அதில் ஏறாது. கோஸ்ட் கார்ட் எனும் அமெரிக்கக் கரையோரக் காவற்படையிடம் பதிந்த கலம் என்றால் அதன் உரிமை வரலாற்றுப் பிரதியைக் கேட்டு எடுக்கலாம். பதிவான கடன் இருந்தால் அதில் தெரியும். தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: "அதே கொடியில் வைத்தே ஓட்டலாம், பதிவு மாற்றத் தேவையில்லை." இது உங்களைக் குழியில் தள்ளும் பேச்சு. இந்த இரண்டு பதிவுகளும் சொந்தக்காரரின் குடியுரிமையையோ வதிவிடத்தையோ வைத்துத் தரப்படுபவை. உங்கள் பெயருக்கு விற்றதும் அந்தக் கொடிக்கு உரிமை போய்விடும்.

சுங்கம் அதைவிடப் பெரிது. வெளிநாட்டுக் கொடியோடு உள்ளே வந்த யொட் வந்து போகும் கலம்தான், இறக்குமதியான பொருள் அல்ல. இங்கே இருக்கிற ஒருவர் வாங்கும்போதுதான் அது இறக்குமதி ஆகிறது, வரியும் அப்போதுதான் விழுகிறது. எவ்வளவு வரி, இறக்குமதி அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்பதை விலை பேசுவதற்கு முன்னர் சுங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு யொட்டை உள்ளூரில் சட்டப்படி வைத்திருக்க என்னென்ன வேண்டும் என்பதை ஒரே மேசையில் கேட்டு அறிய இந்த நாட்டில் வழியில்லை. ஒரு யன்னலில் அடுத்த திணைக்களத்தைக் காட்டுவார்கள், அங்கே போனால் கொழும்புக்குப் போகச் சொல்வார்கள். உலகமே மெச்சும் இயற்கைத் துறைமுகத்தை வைத்துக்கொண்டு இப்படி அலையவிடுவது வெட்கக்கேடு. இந்த அலைச்சலை நம்பித்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். "சுங்க வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடம் காசைக் கொடுத்தால், வரி கட்டப்படாத யொட்டும் பதில் வராத தொலைபேசி இலக்கமும்தான் மிஞ்சும்.

இனி யொட். சுழியோடியின் வீடியோவை ஒதுக்கி வையுங்கள். பாசியும் சிப்பியும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. யொட்டைக் கிரேன் போட்டு வெளியே எடுக்க வேண்டும், அந்தக் கூலியை நீங்களே கொடுக்க வேண்டும். விற்கிறவர் கொடுத்தால் நேரத்தையும் அவரே தீர்மானிப்பார். பலநாள் மீன்பிடிக் கலங்களைக் கரைக்கு இழுத்தேற்றக் கட்டிய ஸ்லிப்வேத் தொட்டில் இதற்குச் சரிவராது. அது அகன்ற அடிக்கு அமைந்தது, ஆழமான ஏரா, அதாவது உடலின் அடியில் நீட்டி நிற்கும் பாரமான பகுதி, உள்ள யொட் அதில் சாயும். இந்த அளவு யொட் ஐந்து ஆறு தொன் வரும். கிரேன்காரரிடம் அதன் உச்ச அளவைக் கேட்டுப் பயனில்லை, கை நீட்டிய தூரத்தில் எத்தனை தொன் தூக்கும் என்று கேளுங்கள். இரண்டு அகலமான பட்டிகள் வேண்டும். முன்பட்டி ஏராவுக்கு முன்னால், பின்பட்டி புரொப்பெல்லர் தண்டிலும் சுக்கானிலும் முட்டாத இடத்தில். இரண்டையும் விளிம்போரமாக ஒன்றோடொன்று கயிற்றால் கட்டுங்கள், இல்லாவிட்டால் முன்பட்டி அணியத்தை, அதாவது முன்முனையை, நோக்கி வழுக்கும்.

யொட் தொங்கும்போது, ஏரா தரையைத் தொட ஒரு சாண் இருக்கையில், நிறுத்தச் சொல்லுங்கள். உடலும் ஏராவும் சேரும் கோட்டை முன்பக்கத்திலிருந்து பாருங்கள். முன்முனையில் மயிரிழை வெடிப்போ கசியும் துருநீரோ இருக்கிறதா? பிறகு முழுப்பாரமும் ஏராவில் இருக்கும்படி மெல்ல இறக்கி அதே இடத்தை மறுபடி பாருங்கள். தொங்கும்போது திறந்து, இருக்கும்போது மூடுகிற வெடிப்பு என்றால் ஏராவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்துவிட்டன அல்லது அரித்துவிட்டன. அடுத்து உள்ளே இறங்கித் தரைப்பலகையைத் தூக்குங்கள். போல்ட் நட்டுகளில் துரு செதிலாகக் கழல்கிறதா, ஏராவின் பின்முனைக்கு நேர் மேலே உள்ள குறுக்குச் சட்டங்களில் வெடிப்பு இருக்கிறதா? பாறையில் முட்டிய யொட்டில் ஏராவின் பின்முனை மேல்நோக்கி இடிக்கும், அதனால் சேதம் அங்கேதான் இருக்கும். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விலை குறைத்துப் பேச உட்காராதீர்கள். ஏராவைக் கழற்றி மறுபடி பொருத்தும் வேலை இங்கே சுலபத்தில் நடக்கிற ஒன்றல்ல. விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, தரகர்கள் இதை வைத்துத்தான் விளையாடுகிறார்கள். அந்தக் காலத்து யொட்டுகள் சிலவற்றில் ஏரா போல்ட் போட்டு மாட்டியது அல்ல. உடலோடு சேர்த்தே ஃபைபரில் வார்த்து, உள்ளே ஈயத்தையோ இரும்பையோ இறக்கி மூடியிருப்பார்கள். "போல்ட்டே இல்லை, பயமே இல்லை" என்பார் தரகர். போல்ட் இல்லை என்பது உண்மை, பயம் இல்லை என்பது பொய். அடியில் தரைதட்டி ஃபைபர் பிளந்தால் கடல்நீர் உள்ளே போகும். உள்ளே ஈயம் என்றால் பெரிய சேதமில்லை. இரும்பு என்றால் துருப்பிடித்து வீங்கி ஃபைபரை உள்ளிருந்து பிளக்கும். ஆகவே முதலில் உண்மையிலேயே வார்த்த ஏராதானா என்று பாருங்கள், இணைப்புக் கோட்டைப் பூசி மறைத்த போல்ட் ஏராக்களும் உண்டு. வார்த்த ஏராவில், தரைப்பலகைக்குக் கீழே உள்ள அடிக்குழி உடலின் அடியோடு நிற்காமல் ஏராவுக்குள்ளேயே ஆழமாக இறங்கும். வெளியே அடிமுனையையும் முன்முனையையும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஒலி திடீரென வெறுமையாக மாறும் இடத்தில் சோக்பீஸால் குறியிடுங்கள். குறி கையகலத்துக்கு மேல் இருந்தால், சொந்தக்காரரின் எழுத்து அனுமதியோடு மிகத் தாழ்ந்த இடத்தில் 6 மில்லிமீற்றர் துளை போடுங்கள். ஒன்றும் வராவிட்டால் அடைத்துவிடலாம். தெளிந்த உப்புநீர் வந்தால் வடியவிட்டு உலர்த்தி அடைக்கலாம், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். செம்மண் நிறத்தில் நீர் வந்தால் உள்ளே இரும்பு கரைகிறது, அந்த யொட் உங்களுக்கு வேண்டாம். அனுமதி தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உடலின் மீதிப் பகுதியை அன்றே கழுவி அன்றே பாருங்கள். நீர் ஊறி ஃபைபரில் ஏறும் ஒஸ்மோசிஸ் கொப்புளங்கள் காற்றில் சில நாள் கிடந்தால் அடங்கிவிடும். தரகர் உங்களை நான்கு நாள் கழித்து அழைத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றைக் குத்தினால் வினாகிரி மணக்கும் நீர் பீறும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். நாணயம் அளவில் இருபது முப்பது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. உடல் முழுவதும் இருந்தால் தோலை உரித்து மாதக்கணக்கில் காயவிட வேண்டும், வாடை மழையில் அது காயாது. ஈரமானியைச் செம்புப் பெயின்டின் மேலேயே வைத்து எண் சொல்லும் சர்வேயரை நம்ப வேண்டாம். செம்பு மானியை ஏமாற்றும். சுரண்டி, ஃபைபரின் மேல்தோலான வெறும் ஜெல்கோட்டில் வைக்க வேண்டும், அதுவும் உடல் காய்ந்த பிறகு. நீர் உள்ளே வரும் குழாய்வாய்களின் உலோகத்தைக் கத்திமுனையால் கீறுங்கள். மஞ்சளாக மின்னினால் நல்லது, இளஞ்சிவப்பாக இருந்தால் துத்தநாகம் போய்விட்டது, ஒரு நாள் கையோடு ஒடிந்து வரும். சுக்கானைப் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது.

மேற்தளத்திலும் அதே சுத்தியல். கைப்பிடிக் கம்பிகளின் அடியைச் சுற்றி ஒலி மங்கினால் உள்ளே வைத்த பல்சா மரம் உக்கிவிட்டது.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மட்டும் சாட்டுக்குப் பார்த்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அவற்றை மாற்றுவது வழக்கம், கடைசியாக மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லை என்றால் மாற்றவில்லை என்று கணக்கெடுத்து, முழுத் தொகுதியின் விலையைக் கழியுங்கள். வெப்பக் கடலில் கீழ்முனைகள்தான் முதலில் போகும், கம்பி புகும் வாயில் உப்புநீர் தேங்கி நிற்பதால். கைக்கண்ணாடி வைத்து அந்த வாயில் நெடுக்கு வெடிப்பும், அறுந்து நீட்டிய இழையும் தேடுங்கள். கம்பிகளின் பாரத்தை உடலுக்குக் கொடுக்கும் சங்கிலித்தட்டுகள் தளத்தை ஊடுருவும் இடத்தில், காற்றுப் படாத மறைவில், அரிக்கும். அலுமாரிக்குள் பழுப்புக் கறை வழிந்திருந்தால் அந்தத் தட்டைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பாய்த் துணியை விட நூல்தான் வெயிலில் முதலில் சாகும், தையலை நகத்தால் கீறினால் அறுந்தால் மறுதையல் செலவு உண்டு.

எஞ்சினைப் பார்க்கப் போகும் நாளைத் தரகருக்குச் சொல்லாதீர்கள். போனதும் முதலில் எஞ்சினில் கை வையுங்கள், சூடாக இருந்தால் திரும்பி வாருங்கள். உங்களுக்கு முன்பே அதைச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில்தான் உண்மை தெரியும். புகைக்குழாயில் சில விநாடிக்குள் நீர் கொட்ட வேண்டும். எண்ணெய் அளவுகோலில் பால்தேத்தண்ணி நிறம் தெரிந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கிறது. ஆனால் ஸ்டார்ட் ஆவது மட்டும் பரீட்சை ஆகாது. யொட்டைத் துறையில் இறுகக் கட்டி, கியரில் போட்டு, முக்கால் வேகத்தில் அரை மணி ஓடவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. எஞ்சினுக்குப் பின்னால் கையெட்டாத மூலையையும் மேல் அலுமாரிகளின் உட்புறத்தையும் லைட் அடித்துப் பாருங்கள். அங்கே மெல்லிய சேறு படிந்து, வயர் முனைகள் பச்சையாகி இருந்தால், அந்த யொட் ஒருமுறை மூழ்கி எழுந்தது.

கையில் உள்ள சர்வே அறிக்கை யாருக்காக எழுதியது என்று முதல் பக்கத்தில் பாருங்கள். காப்புறுதிக்காக எழுதியது என்றால் யொட்டின் பொது நிலையையும் மதிப்பையும் சொல்வதோடு நிற்கும், வாங்குகிறவருக்காகத் தோண்டிப் பார்த்தது அல்ல. உங்களுக்கென்று ஒரு சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். தரகர் சிபார்சு செய்யும் ஆள் வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். அவருக்கு அடுத்த வேலையும் தரகரிடமிருந்தே வர வேண்டும்.

"வேறொருவர் நாளைக்கு வாங்க வருகிறார்" என்று அவசரப்படுத்தினால் அவர் வாங்கட்டும். தரகர் பொறுத்திருக்க இணங்கினால், விலையில் பத்து வீதத்துக்கு மேற்படாத முற்பணத்தை உங்கள் சட்டத்தரணியின் கணக்கில் போடுங்கள். கிரேன் நாளில் கண்டது பிடிக்காவிட்டால் முழுதும் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வரியை யார் கட்டுவது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மீதிக் காசு, வரி கட்டிய பற்றுச்சீட்டின் மூலப்பிரதியும் பழைய பதிவு நீக்கப்பட்ட சான்றிதழும் உங்கள் கைக்கு வந்த பிறகு.