அப்பாயியின் தண்டட்டியைக் கூரியரில் அனுப்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அப்பாயி அணிந்திருந்த தண்டட்டி என்ற பழைய காதணி ஒரு சோடி எங்கள் வீட்டில் இருக்கிறது. தராசில் இரண்டு பவுணுக்குச் சற்று மேல் நிற்கிறது. அதை அழித்து, மகளின் திருமணத்துக்கு ஜிமிக்கியும் ஒரு பதக்கமும் செய்ய விரும்புகிறோம். முகநூலில் விளம்பரம் செய்யும் கொழும்பு நகை வடிவமைப்பாளர் ஒருவர், தண்டட்டியைக் கூரியரில் அனுப்பினால் படத்தில் உள்ளபடியே செய்து தருவதாகச் சொல்கிறார். செய்கூலியில் பாதியை முற்பணமாக வங்கிக் கணக்கில் போடச் சொல்லி வட்ஸ்அப்பில் செய்தியும் அனுப்பியிருக்கிறார். நம்பி அனுப்பலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தண்டட்டியை அப்படியே அனுப்ப வேண்டாம், சகோதரி. அந்த வடிவமைப்பாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் இந்த நகையின் அமைப்பு, நேர்மையானவரையும் உங்களையும் சண்டைக்காரர்களாக்கிவிடக் கூடியது. தண்டட்டி, பாம்படம் போன்ற பழைய காதணிகளில் பெரும்பாலானவை, மெல்லிய தங்கத் தகட்டை வளைத்து உள்ளே அரக்கை நிரப்பிச் செய்யப்பட்டவை. ஆகவே நீங்கள் தராசில் கண்ட இரண்டு பவுணில், அதாவது 16 கிராமில், அரக்கும் பல ஆண்டு அழுக்கும் சேர்ந்தே இருக்கின்றன. அத்துடன் தகடுகளை ஒட்டப் பயன்படுத்திய பொடியில் வேறு உலோகங்கள் கலந்திருப்பதால், உருக்கும்போது தங்கத்தின் மாற்றும், அதாவது தூய்மையும், இறங்கும். இவையெல்லாம் கொழும்பில் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிந்து, "உருக்கியபோது இவ்வளவுதான் வந்தது" என்று ஒரு செய்தி வந்தால், எடை குறைந்தது அரக்காலா அல்லது யாருடைய கையாலா என்பதை யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. கூரியர் நிறுவனங்களில் பல தங்கத்தை ஏற்பதில்லை. ஏற்றாலும் இழப்புக்குப் பொறுப்பேற்பதில்லை என்று நிபந்தனையில் எழுதியிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எனவே உருக்கும் வேலையை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ, உங்களுக்குப் பழக்கமான ஒரு நகைக்கடையில், உங்கள் முன்னிலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தராசு பூச்சியத்தில் நிற்பதைப் பார்த்த பிறகு தண்டட்டியை நிறுக்கச் செய்யுங்கள். அரக்கை நீக்கிய பின் மீண்டும் நிறுக்கச் செய்யுங்கள். உருக்கி எடுத்த கட்டியையும் நிறுத்து, மூன்று எடைகளையும் ஒரே சீட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால், உருக்குவதற்கு முன் அது காட்டும் இலக்கத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. உருக்கிய கட்டியைச் சோதித்தால்தான் கணக்குச் சரியாக வரும். எடுத்துக்காட்டாக, கட்டி 12 கிராம் நின்று அதன் மாற்று 20 கரட் (24 பங்கில் 20 பங்கு தங்கம்) என்று வந்தால், அதிலுள்ள சுத்தத் தங்கம் 10 கிராம். அதை 22 கரட் நகைக்கு மாற்றினால் ஏறத்தாழ 10.9 கிராம், அதாவது ஒரு பவுணும் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவும் கிடைக்கும். வடிவமைப்பாளருடன் பேசத் தொடங்க வேண்டியது இந்த இலக்கத்திலிருந்துதான். கட்டியைக் குடும்பத்தில் ஒருவர் நேரில் கொண்டுபோய், எடை குறித்த பற்றுச்சீட்டுடன் ஒப்படைத்து வருவதே நல்லது. வடிவத்தை வட்ஸ்அப்பில் பேசி முடிக்கலாம். தங்கத்தைக் கையில்தான் கொடுக்க வேண்டும்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைபேசித் திரையில் எல்லா ஜிமிக்கியும் ஒரே அளவாகத்தான் தெரியும். ஜிமிக்கியின் குடை போன்ற பகுதி 15 மில்லிமீற்றராக இருந்தாலும் 25 மில்லிமீற்றராக இருந்தாலும் படத்தில் வேறுபடுவதில்லை, எடையில் பெரிதும் வேறுபடும். குடையின் விட்டத்தையும் தோட்டிலிருந்து தொங்கும் நீளத்தையும் மில்லிமீற்றரில் கேட்டு வாங்கி, அந்த அளவுக்குக் காகிதத்தை வெட்டி மகளின் காதருகே பிடித்துப் பாருங்கள். கணினியில் வரைந்து, மெழுகில் வார்த்துச் செய்பவராக இருந்தால், வரைபடத்தின் கனஅளவிலிருந்தே எடையை முன்கூட்டிச் சொல்ல அவரால் முடியும். அதைச் சொல்ல மறுப்பவரிடம் முற்பணம் கொடுக்க நான் தயங்குவேன். கரட், எடை, எத்தனை கிராம் வரை கூடலாம் குறையலாம், செய்கூலி, சேதாரம் (செய்யும்போது வீணாவதாகக் கணக்கிடும் தங்கம்), மிஞ்சும் தங்கத்தைத் திருப்பித் தரும் முறை, முடிக்கும் நாள் ஆகிய அனைத்தும் எழுத்தில் வரட்டும். சேதாரத்தைத் தனியாகக் கேட்க மறந்தால் அது கடைசி நாளில்தான் தலைகாட்டும். தோட்டைக் காதின் பின்புறம் பிடிக்கும் சுரை திருகுச் சுரையா, அழுத்துச் சுரையா என்பதையும் குறிப்பிடுங்கள்; கனமான ஜிமிக்கிக்குத் திருகுச் சுரையே பொருந்தும்.

நகையில் 916 என்று பொறித்திருப்பது, 22 கரட் என்று செய்தவர் சொல்லும் சொல் மட்டுமே. ஐயம் இருந்தால், 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால், தகராறு வரும்போது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தண்டட்டி செய்யத் தெரிந்த ஆசாரிமார் இன்று மிகச் சிலரே. அழித்தால் மறுபடி கிடைப்பது அரிது. பதக்கத்தை விட்டுவிட்டு, சோடியில் ஒன்றை மட்டும் அழித்துச் சிறிய ஜிமிக்கி செய்ய முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள்.

கேள்வி: மனைவிக்கு இணையத்தில் தங்கக் காப்பு செய்யச் சொன்னபோது "சைஸ் 2.4-ஆ, 2.6-ஆ?" என்று கேட்கிறார்கள். இது என்ன கணக்கு?
– வாசகர், பண்டாரவளை

பதில்: அந்தப் புள்ளியைத் தசமமாக வாசிக்க வேண்டாம். 2.4 என்பது 2 அங்குலமும் ஓர் அங்குலத்தில் 16இல் 4 பங்கும். அதாவது உள்விட்டம் சுமார் 57 மில்லிமீற்றர். 2.6 என்றால் சுமார் 60 மில்லிமீற்றர். உங்கள் மனைவிக்குச் சரியாக ஏறி இறங்கும் பழைய காப்பொன்றின் உள்விட்டத்தை அடிமட்டத்தால் அளந்து, மில்லிமீற்றரிலேயே எழுதி அனுப்பினால் குழப்பம் வராது. அதே கடையில் மோதிரமும் செய்வதாக இருந்தால், விரலை அதிகாலைக் குளிரில் அளக்காதீர்கள். நமது மலைப்பகுதிக் குளிரில் விரல் சுருங்கியிருக்கும். அந்த அளவுக்குச் செய்த மோதிரம் பகலில் இறுக்கும்.

கேள்வி: இரத்தினபுரி வியாபாரி ஒருவர் நீலக்கல்லின் படத்தை அனுப்பி, அதை மோதிரத்தில் பதித்தே தருவதாகச் சொல்கிறார். கல்லுக்கும் தங்கத்துக்கும் சேர்த்து ஒரே விலை கூறுகிறார். வாங்கலாமா?
– வாசகர், பதுளை

பதில்: ஒரே விலையாக வாங்காதீர்கள். கல்லின் கரட் எடையைக் குறிப்பது. ஒரு கரட் 0.2 கிராம். தங்கத்தின் கரட் மாற்றைக் குறிப்பது. இரண்டையும் கலந்து பேசும்போது, கல்லின் எடைக்கும் தங்க விலை கொடுக்க நேரும். கல்லை நீக்கிய தங்க எடையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கல் இயற்கையானதா, செயற்கையானதா, சூடேற்றி நிறம் கூட்டியதா என்பதை ஆய்வுகூடச் சான்றிதழ் சொல்ல வேண்டும்; படம் சொல்லாது. கல்லைப் பிடிக்கும் தங்கக் கட்டு பின்புறம் மூடியதாக இருந்து, அதில் பதித்துவிட்டால் கல்லைச் சரிவரச் சோதிப்பது கடினம். ஆகவே கல்லைத் தனியாகச் சோதித்து, சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே மோதிர வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.