சென்ரிபியூஜ் (டியூப வேகமாச் சுத்திக் கலவையப் பிரிக்கிற மெசின்) பத்திக் கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றன்

கல்முனைத் தங்கச்சி: அண்ணன், செய்முறைல 1500 ஜி (புவியீர்ப்பப் போல 1500 மடங்கு விசை) எண்டு இரிக்கி, எங்கட மெசின் ஆர்பிஎம் (நிமிசத்துக்கு எத்தினை சுத்து) மட்டுந்தான் காட்டுது. எத்தினைல வெக்கிற?

பதில்: முதல்ல ரோட்டர்ட (டியூப் வெக்கிற, சுத்துற பகுதி) நடுவில இருந்து டியூப்ட அடி வரைக்கும் ஆரைய அளங்க. ஆர்பிஎம்ம 1000 ஆல பிரிச்சி வர்க்கமாக்கி, சென்ரிமீற்றர் ஆரையால பெருக்கி, மறுகா 11.18 ஆல பெருக்கினா ஜி வரும். ஆரை 15 எண்டா 3000 ஆர்பிஎம்ல 1509, 10 எண்டா அதே 3000 ல 1006 தான். நோட்புக்ல வெறும் ஆர்பிஎம் எழுதி வெச்சா மத்த லாப்காரன் அத வெச்சி என்ன செய்ற?

ஏறாவூர்த் தம்பி: ரெண்டு டியூப்லயும் ஒரே அளவுதான் ஊத்தினன், மெசின் மேசையில நடக்குது!

பதில்: எனக்கும் நடந்த கததான். ஒரு பக்கம் சீனிக் கரைசல், எதிர்ப்பக்கம் சும்மா தண்ணி, கோடு ரெண்டுலயும் ஒரே இடம், ஆனா சீனித்தண்ணி பாரமெல்லோ, ஓடத் தொடங்கினோண்ண டக்குடக்கெண்டு அடிச்சி மேசை ஓரத்துக்கே வந்திட்டு. கண்ண நம்பாதீங்க, தராசில நிறுங்க. 6 குழி ரோட்டர்ல 3 டியூப் எண்டா ஒண்டு விட்டு ஒண்டு வெக்கலாம், 5 எண்டா தண்ணி டியூப் ஒண்டு சேர்க்கத்தான் வேணும்.

வந்தாறுமூலை மாணவி: வாவித் தண்ணியச் சுத்தினா பச்சை அடியில படியாம மேல மிதக்குது, வேகத்தக் கூட்டவா?

பதில்: கூட்டினா இன்னும் கெதியா மேல போகலாம் மகள்! நீலப்பச்சை அல்காவா இருக்கும், அதில சிலதுக்கு உடம்புக்குள்ள காத்துப் பை இரிக்கி. தண்ணிய விடப் பாரமானது கீழ, லேசானது மேல, வெள்ளாமை தூத்தக்குள்ள பதர் தனியாப் போற மாதிரித்தான். சிரிஞ்சில நிரப்பி, வாய விரலால பொத்தி, தண்ட நல்லா அமத்துங்க. பை உடைஞ்சா பால்போல கலங்கினது கண்ணுக்கு முன்னாலயே தெளியும், மறுகா சுத்தினா படியும். சரிவராட்டி வடிதாள்தான்.

அக்கரைப்பற்று: பக்டீரியாட ரைபோசோம்ல (கலத்துக்குள்ள புரதம் செய்ற துணிக்கை) 50எஸ் துண்டும் 30எஸ் துண்டும் சேர்ந்தா 80 வரோணுமே, ஏன் 70?

பதில்: அது நிறை இல்ல, படியிற வேகம், வடிவமும் அதுக்குள்ள வரும், அதால கூட்டேலாது. எஸ் எண்டது சுவீடன் ஸ்வெட்பெர்க்ட பேர், அல்ட்ரா சென்ரிபியூஜ் செஞ்ச ஆள், 1926 ல ரசாயனத்துக்கு நோபல் எடுத்தவர்.

சம்மாந்துறை: ரத்தம் சுத்தினா நடுவில வாற வெள்ளைப் படை மெசின் நிக்கக்குள்ள கலங்கிப்போகுது.

பதில்: பிரேக்க ஓஃப் பண்ணுங்க, தானாக் கிறுகி நிக்கட்டும். சுணங்கும், ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வாங்க.