"நீ என் வகுப்புக்கு வராதே, அம்மா"

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகளுக்கு ஏழு வயது. அவளுடைய வகுப்பில் வாரம் ஒருநாள் பெற்றோர் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்க உதவலாம். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு ஆசையாகச் சேர்ந்தேன். நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொருவராகப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மற்ற நாட்களில் இவள் நன்றாகக் கைதூக்கிப் பதில் சொல்கிறாள் என்கிறார் ஆசிரியை. நான் போனால் ஆளே மாறிவிடுகிறாள். ஒரு சிறுமி என் தோளில் சாய்ந்து படித்தபோது ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். படிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்கிறாள். வீட்டுக்கு வரும் வழியில், "ஏன் கைதூக்கவில்லை? பக்கத்துப் பையன் எவ்வளவு அழகாகப் படித்தான்!" என்று எடுத்துச் சொல்வேன். பதிலே இருக்காது. போன வாரம், "நீ என் வகுப்புக்கு வராதே, அம்மா" என்று சொல்லிவிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நின்றுவிடட்டுமா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசையாகப் போனவருக்கு அந்த வார்த்தை எப்படி வலித்திருக்கும் என்று புரிகிறது. உங்களைப் பிடிக்காமல் அவள் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் நீங்கள் அவளுக்கு மட்டும் அம்மா. வகுப்பில் அந்தக் கொஞ்ச நேரம் எல்லோருக்கும் பொது. ஏழு வயதில் அதைத் தாங்கிக்கொள்வது சின்ன விஷயமில்லை. நீங்கள் இல்லாதபோது அவள் தைரியமாக இருக்கிறாள் என்பது எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த செய்தி. உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் 'பாதுகாப்பான தளம்' என்று சொன்னது இதைத்தான்: தாயிடம் நம்பிக்கையுள்ள குழந்தை, அந்தத் தெம்பில்தான் விலகிப்போய்ப் புது இடத்தில் பழகும்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, வீட்டுக்கு வரும் வழியில் நடப்பதை. பள்ளியில் நடந்ததில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று இதுவரை அவளே முடிவு செய்தாள். இப்போது நீங்களே எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். பார்த்ததை வைத்துக் கேள்வியும் கேட்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். பக்கத்துப் பையன் எப்படிப் படிக்கிறான் என்பது அவனுடைய சொந்த விஷயம். உதவிக்குப் போகிறவர் அதை வெளியே பேசக் கூடாது, பெற்ற மகளிடம்கூட.

அப்புறம், ஆசிரியையிடம் பேசி, அவள் இல்லாத குழுவை வாங்கிக்கொள்ளுங்கள். போவதற்கு முந்தின இரவே, "நாளைக்கு வருவேன், வேறு பிள்ளைகளுக்குப் படிக்க உதவுவேன், முடிந்ததும் உனக்குக் கையசைத்துவிட்டுப் போவேன்" என்று சொல்லிவையுங்கள். சொன்னபடியே செய்யுங்கள். வரும் வழியில் அவளாகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

மூன்று நான்கு வாரம் இப்படிப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் அவள் சொல்வதைக் கேளுங்கள். பெற்றோர் பங்களிப்பை ஆராய்ந்த ஜாய்ஸ் எப்ஸ்டீன் அதை 6 வகையாகப் பிரித்தார்; பள்ளிக்குப் போய் உதவுவது அதில் ஒன்றுதான், வீட்டில் கற்க உதவுவதும் அந்த ஆறில் வருகிறது. வகுப்புக்கான புத்தகங்களுக்கு அட்டை போடுவது போன்ற வேலையை ஆசிரியையிடம் கேட்டு வீட்டுக்கே வாங்கி வரலாம். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். தன் வகுப்பைப் பற்றி அவளே உங்களுக்குச் சொல்லட்டும்.