ஆபரேஷன் முடிந்து நாய் வீட்டுக்கு வந்த பிறகு: கேள்வி பதில்

கருத்தடை, கட்டி, எலும்பு முறிவு என்று நாய்களுக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கி 17 வருடம் ஆகிறது. ஆபரேஷன் மேஜையில் என் வேலை ஒரு மணி நேரம். அதற்கப்புறம் வரும் 2 வாரமும் நாய் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அந்த 2 வாரத்தைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் நாயைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

சேலத்திலிருந்து: மேடம், எங்கள் ஜூலிக்கு நேற்று கருப்பை எடுக்கும் ஆபரேஷன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து முனகிக்கொண்டே இருந்தாள். உடம்பு நடுங்கியது. கண்ணில் பாதியை ஒரு வெள்ளைச் சவ்வு மூடியிருந்தது. பால் வைத்தோம், குடிக்கவில்லை. ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. வலி தாங்காமல் அழுகிறாளா?

முதல் ராத்திரி முனகல் பெரும்பாலும் மயக்க மருந்து இறங்கும்போது வருவது. பாதி விழிப்பு, பாதி மயக்கம். தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் குழம்பி அழும். 12 முதல் 24 மணி நேரத்தில் தெளிந்துவிடும். நீங்கள் பார்த்த சவ்வு நாய்க்கு இருக்கும் மூன்றாவது இமை. மயக்கத்தில் அது மேலேறி நிற்கும், தானே இறங்கிவிடும்.

மயக்கத்தில் உடம்புச் சூடும் குறையும், நடுக்கம் அதனால்தான். வெறும் டைல்ஸ் தரையில் படுக்க விடாதீர்கள். பழைய போர்வையை மடித்துப் போட்டு, ஃபேனைக் குறைத்து, விளக்கையும் அணைத்துவிடுங்கள். கட்டில், சோபா வேண்டாம், தடுமாறி விழும். பாலும் வேண்டாம். தலை நிமிர்ந்து நன்றாக உட்கார்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர். அது வயிற்றில் தங்கினால் வழக்கமாகச் சாப்பிடுவதில் கால் பங்கு கொடுங்கள். உப்பில்லாமல் குழைய வடித்த சோறும் வேக வைத்த கோழியும் போதும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு எந்த நாளிலும் ஆகாது.

உண்மையான வலி வேறு மாதிரி தெரியும். நாய் சத்தமே போடாமல் முதுகை வளைத்து நிற்கும், படுக்கப் போய்ப் படுக்காமல் திரும்பும், ஓய்வாக இருக்கும்போதும் இரைக்கும். அப்போது வலி மருந்து போதவில்லை என்று டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

முதல் ராத்திரி நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். ஈறே கறுப்பாக இருக்கும் நாய்களுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்து, நாயும் எழுப்ப எழுப்ப எழவில்லை என்றால் உள்ளே ரத்தம் போகிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மதுரையிலிருந்து: மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. எனிமா கொடுக்கலாமா?

வேண்டாம். ஆபரேஷனுக்கு முந்தின பட்டினி, வலி மருந்து, படுத்தே கிடப்பது எல்லாம் சேர்ந்து 3, 4 நாள் தள்ளிப்போவது சகஜம். அதற்கு மேல் போனாலோ முக்கி முக்கிக் கஷ்டப்பட்டாலோ கூட்டிப் போங்கள். சிறுநீர் அப்படி இல்லை. ஒரு நாள் முழுக்கப் போகவில்லை என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: வலிக்கு நாம் சாப்பிடும் குரோசின் அரை மாத்திரை கொடுத்தால் என்ன?

கொடுக்காதீர்கள். குரோசினில் இருக்கும் பாராசிட்டமால் நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். இபுப்ரோஃபென் வயிற்றில் புண் உண்டாக்கி சிறுநீரகத்தையும் பாதிக்கும். டாக்டர் எடை பார்த்து எழுதிய வலி மருந்து மட்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு. அதைக் கொடுக்கும்போது வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: தையல் மேல் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசச் சொல்கிறார் எங்கள் பாட்டி. வீட்டுப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை இருப்பதால் ஈ அதிகம். பூசலாமா?

பாட்டியின் அக்கறை நியாயமானது. ஆனால் ஆபரேஷன் தையலுக்கு எதையும் பூச வேண்டாம். எண்ணெய்ப் பசையில் தூசியும் முடியும் ஒட்டும். நாய்க்கு அந்த வாசனை பிடித்துப்போய் நக்கத் தொடங்கும். மஞ்சளின் நிறத்தில் புண் சிவந்திருக்கிறதா என்று நமக்கும் தெரியாமல் போகும். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், புதிதாக வளரும் சதையை அது அரித்துவிடும். தையல் உலர்ந்திருந்தால் போதும்.

ஈ விஷயத்தில் நீங்கள் பயப்படுவது சரிதான். ஈரமான புண்ணில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வந்துவிடும். கொட்டகைப் பக்கம் கட்டாமல் 2 வாரம் வீட்டுக்குள் வைத்திருங்கள். பகலில் தூங்கும்போது குழந்தைக்குப் போடும் கொசுவலைக் குடையைக் கவிழ்த்துவிடுங்கள். ஈ அண்டாமல் அடிக்கும் ஸ்ப்ரே கடையில் கிடைக்கும், ஆனால் அதைத் தையலுக்கு எவ்வளவு பக்கத்தில் அடிக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்றம் அடித்தாலோ நாய் ஒரே இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ டார்ச் அடித்துப் பாருங்கள்.

சென்னையிலிருந்து: கழுத்தில் மாட்டிய கூம்பு எங்கும் இடிக்கிறது. டைகர் அழுகிறான். பாவமாக இருந்தது, கழற்றிவிட்டோம். நாய் எச்சில் புண்ணை ஆற்றும் என்கிறார்களே?

தம்பி, திரும்ப மாட்டிவிடுங்கள். நாயின் வாயில் எவ்வளவோ கிருமிகள் இருக்கின்றன. அதைவிட அதன் முன் பல் பெரிய ஆபத்து. நீங்கள் டீ போட்டு வருவதற்குள் தையல் மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிடும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இருக்கிறதா என்று பாருங்கள், குட்டையாக இருந்தால் பயனில்லை. சாப்பிடும்போது மட்டும் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். வயிற்றுத் தையலாக இருந்தால் பழைய பனியனைப் பின்பக்கமாக மாட்டி வாலுக்கு ஓட்டை போட்டும் சமாளிக்கலாம். இரண்டு நாளில் பழகிவிடுவான்.

கோவையிலிருந்து: கருத்தடை ஆபரேஷன் ஆகி 5 நாள். ரோஸி நன்றாகிவிட்டாள், மாடிப்படியில் ஓடுகிறாள். ஆனால் நேற்றிலிருந்து தையலுக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்று வீக்கம். தொட்டால் வலிக்கவில்லை. ஊசியால் குத்தி எடுக்க வேண்டுமா?

“நன்றாகிவிட்டாள்” என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. எங்கள் வீட்டில் கன்னி இனத்து நாய் ஒன்று இருந்தது. நானே ஆபரேஷன் செய்தேன். நான்காம் நாள் காலையில் கேட்டைத் திறந்து வைத்து பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தேன். எதிர் வேப்பமரத்தில் ஓர் அணில். ஒரே பாய்ச்சல். திரும்பி வந்தபோது வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தாள். மத்தியானம் புரட்டிப் பார்த்தால் உள் தையல் விட்டுப்போய், தோலுக்கு அடியில் கொழுப்பு பிதுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை மயக்க ஊசி போட்டு மறுபடி தைத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டாரிடமும் இதைச் சொல்கிறேன். முதல் வாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது நூல்தான், சதை இல்லை. மூன்றாம் வாரத்தில்கூட வெட்டுப்பட்ட தோலுக்குப் பழைய பலத்தில் 20 சதவீதம் அளவுக்குத்தான் திரும்பியிருக்கும். நாய்க்கு அது தெரியாது. வலி குறைந்தவுடன் ஓடும்.

உங்கள் ரோஸிக்கு நீர் கோத்திருப்பதாகத்தான் தோன்றுகிறது. அதிகம் ஆடினால் தோலுக்கும் சதைக்கும் நடுவில் நீர் சேரும். குத்தாதீர்கள், குத்தினால் கிருமி உள்ளே போகும். ஓட்டத்தை நிறுத்தினால் 2, 3 வாரத்தில் உடம்பே அதை இழுத்துக்கொள்ளும். ஆனால் டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடட்டும். அழுத்தினால் உள்ளே போய் விட்டால் வெளியே வரும் வீக்கம் என்றால் குடலோ கொழுப்போ இறங்கியிருக்கலாம், அது அவசரம். வீக்கம் சூடாக, சிவப்பாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, உடம்புச் சூடு 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ அன்றைக்கே போங்கள். 101 முதல் 102.5 வரை நாய்க்கு இயல்பு.

மாடிப்படிக்கு ஒரு பலகையோ பெஞ்சோ குறுக்கே போடுங்கள். ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகவும் கயிறு பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் தையலை போட்டோ எடுத்து வையுங்கள். நேற்றைய போட்டோவோடு வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தப்புவதும் தெரியும்.

திருநெல்வேலியிலிருந்து: அம்மா, எனக்கு வயது 71. என் லாப்ரடாருக்கு 10. கருப்பையில் சீழ் என்று எடுத்துவிட்டார்கள். 4 நாளாகிறது, சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு நாய் இதே ஆபரேஷன் முடிந்து மறுநாளே சாப்பிட்டது.

ஐயா, பக்கத்து வீட்டு நாய்க்கு நடந்தது கருத்தடையாக இருக்கும். ஆரோக்கியமான கருப்பையை எடுப்பது வேறு, சீழ் கட்டியதை எடுப்பது வேறு. அந்த விஷம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் பிடித்திருக்கும். தேற நாளாகும். ஆனால் 4 நாள் சாப்பிடாமல் இருப்பதைச் சும்மா விடக் கூடாது. நாளைக்கே ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பாருங்கள், தேவைப்பட்டால் ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். உங்கள் ஊர் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கும் காட்டலாம். வீட்டில் கோழி வேக வைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக, உங்கள் உள்ளங்கையில் ஊற்றி நீட்டிப் பாருங்கள். தட்டைத் தொடாத நாய்கள் எஜமானர் கையிலிருந்து நக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து: ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தாகிவிட்டது. இனிமேல் பெண் நாயோடு விடலாமா?

ஒரு மாதத்துக்கு மேல் ஆகட்டும். உள்ளே தங்கிய விந்து அதுவரை இருக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து: லாரி ஏறி எங்கள் மணியின் பின்னங்கால் ஒன்றை எடுத்துவிட்டார்கள். 9 நாள். எழுந்து நின்றால் வழுக்கி விழுகிறான், விழுந்ததும் எங்களைப் பார்க்கிறான். என் மகள் அவன் முன்னால் அழுதுவிடுகிறாள். அவனால் இனி நடக்க முடியுமா?

முடியும். மூன்று காலில் ஓடுகிற நாய்கள் என் கிளினிக்குக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. மணிக்கு இப்போது எதிரி உங்கள் வீட்டு டைல்ஸ். அவன் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் சாக்கோ ரப்பர் பாயோ விரித்துப் பாதை போடுங்கள். உள்ளங்கால் திட்டுகளுக்கு நடுவில் வளர்ந்த முடியைக் கத்தரித்துவிடுங்கள், பிடிப்பு கிடைக்கும். பழைய துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் மேலே பிடித்துக்கொண்டால் பாதி எடை உங்கள் கையில் வந்துவிடும். தையல் பிரிக்கும் வரை அந்த வேலையை உங்கள் மகளிடம் கொடுங்கள். இனி அவன் எடை ஏறக் கூடாது, மீதி இருக்கும் பின்னங்கால்தான் எல்லாம் சுமக்கும். வாரம் ஒருமுறை அந்தப் பாதத்தின் அடியைத் திருப்பி, தேய்ந்து புண் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.