வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டின் பின்புறம் செம்மண்ணும் சரளையுமாக இருக்கிறது. காய்கறித் தோலையும் மரத்தூளையும் மண்ணில் புதைத்து, அதன் மேலேயே கத்தரியும் மிளகாயும் நட்டேன். செடிகள் வளராமல் இலை வெளுத்து நிற்கின்றன. மண் அவ்வளவு மோசமா? (வாசகி, மதுரை)

பதில்: மண்ணை மட்டும் குறை சொல்ல வேண்டாம். மரத்தூளில் கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்தோ (நைட்ரஜன்) மிகக் குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் பெருக்கத்துக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், செடிக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் முதலில் அடியிலைகள் வெளுக்கின்றன. தூள் நன்றாக மக்கிய பிறகு அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்பும் என்றாலும், அதற்குள் கத்தரியின் பருவம் போய்விடும். இப்போதைக்குக் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, நிறைய நீர் கலந்து வேரடியில் ஊற்றி வாருங்கள்.

வெளுத்திருப்பது அடியிலையா, கொழுந்தா என்பதை நீங்கள் எழுதவில்லை. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டிப் பாருங்கள். வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கட்டிகளும் சுண்ணாம்புக் காரையும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் செய்துவிடும். அவற்றைப் பொறுக்கி அகற்றாமல் எந்த உரம் இட்டாலும் முழுப் பயன் இராது.

இனிக் கழிவை வெளியில் மக்கவைத்த பிறகே மண்ணில் சேருங்கள். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு வரை இருப்பது நல்ல கலவை என்பது கணக்கு. வீட்டளவில் அதை அளந்துகொண்டிருக்க முடியாதாகையால், ஒரு கூடை காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு என்று வைத்துக்கொண்டு, இடையிடையே கொஞ்சம் சாணக் கரைசல் தெளித்து அடுக்கினால் போதும். குவியல் மூன்றடிக்குக் குறையாத உயரமும் அகலமும் இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். அந்தச் சூடு 55 பாகை செல்சியஸைத் தாண்டிச் சில நாட்கள் நீடிக்கும்போது களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. சூடு தணிந்ததும் கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். நீர் வழிந்தால் ஈரம் அதிகம், கை நனையாவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கிளறியும் சூடேறாமல், எது தோல் எது சருகு என்று பிரித்தறிய முடியாத கருமையான பொடியாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் உரம் தயார்.

அதை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பி மேல்மண்ணில் கலந்துவிடுங்கள். ஒரு முறை இட்டதோடு நிறுத்திவிட்டால் மண் பழைய நிலைக்கே திரும்பும். நம் வெயிலில் மக்கு விரைவாகக் கரைந்துபோவதால், பருவந்தோறும் இட்டு, மேலே வைக்கோலோ சருகோ மூடாக்காகப் போட்டுக் காக்க வேண்டும்.

கேள்வி: மக்கவைக்கும் டிரம்மில் நாற்றமும் புழுவும். மூடி வைத்துவிடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: மூடினால் நாற்றம் அதிகமாகும். காற்றோட்டமின்றி ஈரம் தேங்கியிருப்பதே காரணம். பக்கவாட்டிலும் அடியிலும் துளையிட்டு, காய்ந்த இலையைக் கை நிறையச் சேர்த்துக் கிளறுங்கள். தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள் பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்களாக இருக்கும். அவை கழிவைத் தின்று தீர்ப்பவை, செடிக்குக் கேடு செய்யாதவை.

கேள்வி: மக்கு உரம் தயாரிப்பது வெளிநாட்டார் நமக்குக் கற்றுத்தந்த முறையா? (வாசகர், கோவை)

பதில்: ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது வகுத்த முறை உலகெங்கும் பரவியதால் இப்படி ஓர் எண்ணம் உண்டாகியிருக்கலாம். பயிர்க் கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, மும்முறை புரட்டி, சுமார் மூன்று மாதத்தில் எருவாக்கும் அம்முறைக்கு இந்தூர் முறை என்றே பெயர். இந்திய உழவர்களைத் தம் ஆசிரியர்களாகக் கருதியவர் அவர், சீன உழவர்களின் பழக்கத்தையும் கவனித்தவர். நம் ஊர்க் குப்பைக்குழியில் எருவாகிக்கொண்டிருந்ததைத்தான் அவர் அளந்து, ஒழுங்குபடுத்தி எழுதினார். புரட்டும் ஒழுங்கு அவருடைய பங்களிப்பு. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

கேள்வி: தென்னை நார்க்கழிவை அப்படியே தொட்டியில் நிரப்பலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம். அதில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதியாக இருப்பதால் எளிதில் மக்காது, உங்கள் மதுரைத் தோழியின் மரத்தூளைப் போலவே தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். சிப்பிக்காளான் வித்தும் சிறிது யூரியாவும் தூவி அடுக்கி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் பழுப்பு நிறம் கருத்து மக்கிவிடும். உப்புநீரில் ஊறிய மட்டையின் கழிவாக இருந்தால், முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள்.