கோட்டின் கோணம்: கேள்வி பதில்

கீழக்கரை மாணவர்: இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் கோட்டுக்கும் திரும்பி வரும் கோட்டுக்கும் என் கணினி நிரல் ஒரே கோணத்தைத் தருகிறது. பிழை எங்கே?

பதில்: செங்குத்து மாற்றத்தைக் கிடைமட்ட மாற்றத்தால் வகுப்பதில். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அரிச்சல்முனை கிழக்கே 14, தெற்கே 14 கிலோமீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். போகும்போது செங்குத்து (வடக்கு) மாற்றம் −14, கிடைமட்ட (கிழக்கு) மாற்றம் +14. வரும்போது இரண்டின் குறியும் மாறுகிறது. ஆனால் வகுத்தவுடன் இரு பயணத்துக்கும் −1 என்ற ஒரே ஈவு மிஞ்சுவதால், எந்த எண் குறைக்குறி கொண்டிருந்தது என்பதை அறிய, ஈவிலிருந்து கோணம் தரும் ஏடேன் (atan) செயற்கூறுக்கு வழியில்லை. அது இருமுறையும் −45 என்றே சொல்லும். ஏடேன்2 (atan2) என்ற செயற்கூறு இரு எண்களையும் தனித்தனியே வாங்கிக்கொண்டு, போக −45 என்றும் வர 135 என்றும் சரியாகத் தரும். நேர் வடக்கே செல்லும் கோட்டில் பூச்சியத்தால் வகுத்து நிரல் நின்றுபோகும் தொல்லையும் இல்லை. நிரலில் விடை ரேடியன் என்ற கோண அலகில் வரும். 180-ஆல் பெருக்கி π-ஆல் (பை, சுமார் 3.14) வகுத்தால் டிகிரி.

தொண்டி வாசகர்: எனக்கு 0.785 என்று வருகிறதே?

பதில்: அது ரேடியன், 45 டிகிரி. மேலே பார்க்கவும்.

பாம்பன் படகு உரிமையாளர்: அதே பயணத்துக்கு எங்கள் ஜிபிஎஸ் 135 காட்டுகிறது. −45 சொல்லும் நிரலை நம்பிக் கடலுக்குப் போகலாமா? கோணம் வடக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பதில்: இரண்டும் சரியே. கணிதம் கிழக்கில் தொடங்கி இடஞ்சுழியாக எண்ணுகிறது, திசைகாட்டி வடக்கில் தொடங்கி வலஞ்சுழியாக எண்ணுகிறது. 90-லிருந்து −45-ஐக் கழித்தால் உங்கள் 135 வந்துவிடும். ஆனால் திரும்பும் கோட்டுக்கு மேலே வந்த 135 வேறு. அதை மாற்றாமல் திசைகாட்டியில் வைத்தால், கரை திரும்ப வேண்டிய படகு இன்னும் தென்கிழக்கே, இலங்கையுடனான கடல் எல்லைக்கோட்டுப் பக்கம் போகும்.

மண்டபம் ஆசிரியை: வடக்கில் தொடங்கக் கற்பித்தால் மாணவர்கள் பாடநூலோடு முரண்படுவார்களே. கணக்கைக் கணித முறையில் முடித்து, திரையில் காட்டும்போது மட்டும் மாற்றலாம்.

படகு உரிமையாளர்: மாற்ற மறந்தால் நனைவது மாணவர் அல்லர், நாங்கள்.

பதில்: ஆசிரியை சொல்வது ஒழுங்கான வழி, ஆயினும் கடலுக்கென்றே எழுதும் நிரலில் நான் உங்கள் கட்சி. ஏடேன்2-க்குக் கிழக்கு மாற்றத்தை முதலிலும் வடக்கு மாற்றத்தை அடுத்தும் கொடுத்தால் திசைகாட்டிக் கோணமே நேரடியாகக் கிடைக்கும். குறை எண் வந்தால் 360-ஐக் கூட்டினால் போதும். திரும்பும் வழி 315 என வரும்.

ஏர்வாடி வாசகர்: எக்செல்லில் எல்லாம் தலைகீழாக வருகிறது.

பதில்: சி, பைத்தான் போன்றவை செங்குத்து மாற்றத்தை முதலில் கேட்கின்றன, எக்செல் கிடைமட்டத்தை முதலில் கேட்கிறது. இடம் மாற்றிக் கொடுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: நேர்க்குத்துக் கோட்டுக்கு 90 வராமல் 1.57 வருகிறது.

பதில்: ரேடியன்.