திருப்பி அனுப்பினால் அதுவும் குற்றம்

கேள்வி: அமெரிக்காவில் ஆன்லைனில் துணி வியாபாரம் செய்கிறேன். 'செயற்கை ரோமம்' என்று லேபிள் ஒட்டி வந்த தொப்பிகளில் நாய் ரோமம் இருப்பதாகச் சொல்லி சுங்கத்துறை பறிமுதல் செய்துவிட்டது. விலை குறைவாக இருந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். நானே நாய் வளர்ப்பவள், தூக்கம் வரவில்லை. முந்தைய சரக்கில் மீதியுள்ள 60 தொப்பிகளைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகச் சப்ளையர் சொல்கிறார். அனுப்பட்டுமா?

பதில்: அனுப்பாதீர்கள்.

சப்ளையர் ஏமாற்றியதும் நீங்கள் நாய் வளர்ப்பதும் வழக்குக்கு உதவாது. உங்கள் தலைவிதி அந்த 60 தொப்பிகளில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் நாய், பூனை பாதுகாப்புச் சட்டம் இறக்குமதியோடு நிற்பதில்லை. ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடுக்கிறது. சப்ளையருக்குப் போகும் பார்சலும் ஏற்றுமதிதான், அதுவும் விஷயம் தெரிந்தபின் செய்த ஏற்றுமதி. அஜாக்கிரதை என்றால் ஒரு மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 3,000 டாலர். கடும் அலட்சியம் என்றால் 5,000. தெரிந்தே செய்தால் 10,000.

என் கட்சிக்காரர் ஒருவர், போட்ட முதல் போகிறதே என்று மிச்சச் சரக்கைத் தள்ளுபடியில் விற்றார். விளம்பரத்தில் 'ரோமம்' என்ற சொல்லை மட்டும் கவனமாக எடுத்திருந்தார். தெரிந்தே விற்றார் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. இப்படி மீண்டும் மீண்டும் சிக்கினால் ரோம வியாபாரத்துக்கே தடை விதிக்கலாம்.

சட்டம் தரும் ஒரே கேடயம் 'நியாயமான கவனம்'. பொருள் என்ன என்று நீங்களே சரிபார்த்தீர்களா, ஆவணமும் லேபிளும் உண்மையா என்று பார்த்தீர்களா? நிரூபிக்க வேண்டியது நீங்கள். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிய ரசீது இல்லையென்றால் அந்தக் கேடயத்தை நம்பாதீர்கள். (அது ரக்கூன் நாயின் ரோமமாக இருந்தால் இந்தச் சட்டத்தில் வராது, அது வேறு விலங்கு. ஆனால் 'செயற்கை' என்ற லேபிள் அப்போதும் பொய், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.)

தொப்பிகளை எண்ணி, படம் எடுத்து, பூட்டி வையுங்கள். வக்கீல் மூலம் சுங்கத்துறையிடம் நீங்களே சொல்லி, அஜாக்கிரதை என்ற அளவில் சமரசம் பேசுங்கள். கடல் கடந்து சப்ளையர்மேல் வழக்குப் போட ஆகும் செலவு தொப்பிகளின் விலையைத் தாண்டிவிடும், விட்டுவிடுங்கள்.

'விலை குறைவாக இருந்தபோதே சந்தேகம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சப்ளையருக்கும் மின்னஞ்சலில் எழுதினீர்களா? எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். வக்கீலிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.